மினிஸ்டரின் வெள்ளிக்கிழமைகள்

சண்டிலிப்பாய் மீனாம்பிகை முட்டையை மட்டும் விற்பவள் அல்ல. இட்ட கோழியின் குலம் கோத்திரத்தையும் சேர்த்துச் சொல்லித்தான் கொடுப்பாள். அந்தக் கோழிகளுக்கு நடுவே ஒரு நாய் வந்து சேர்ந்தது. தின்பதும் படுப்பதும், ஏதும் கேட்டால் குரைப்பதுமாக இருந்ததால் புருஷன் பஞ்சலிங்கம் அதற்கு மினிஸ்டர் என்று பெயர் வைத்தார்.

மினிஸ்டர் இரண்டு கோழிகளை முடித்ததும் பஞ்சலிங்கம் தீர்ப்புச் சொன்னார்.

"இஞ்சரும், இன்னுமொரு கோழி செத்துதெண்டால் உவனை வல்வெட்டித்துறைக்குத் தம்பி வீட்டை ஏத்திப்போடுவன்."

"என்னையும் சேர்த்து ஏத்துங்கோ. நல்ல மீனாவது தின்னலாம்."

வாய்தான் அப்படி. பிள்ளைகள் கனடா போனபின், அவள் கதைத்தால் காதை நிமிர்த்திக் கேட்கிற ஒரே சீவன் அதுதான்.

கைபேசியில் வீடியோ பார்த்துப் பயிற்சி தொடங்கினாள். கோழியைக் கூடையால் மூடி, நாயைச் சங்கிலியில் பிடித்து, நாளுக்கு ஒரு முழம் கிட்டக் கொண்டுபோவாள். பாயாவிட்டால் ஒரு நெத்தலிக் கருவாடு. சனி முதல் வியாழன் வரை மினிஸ்டர் முற்றும் துறந்த ஞானி. வெள்ளியன்று சங்கிலியை இழுத்து, கூடையைக் கவிழ்த்து, வாயில் கோழியின் வால் இறகுகளோடு நின்றான். கோழி மொட்டையாக ஓடித் தப்பியது.

மூன்று வெள்ளியும் இதே கூத்து. சனி தோஷம் என்று மீனாம்பிகை வைரவருக்கு வடைமாலை நேர்ந்தாள்.

மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்ற அயல்வீட்டு மார்கிரட் கேட்டாள்:

"அக்கா, இண்டைக்கு உவனுக்கு என்ன குடுத்தனீங்கள்?"

"வெள்ளியெல்லோ, வீட்டிலை மீன் மச்சமில்லை. பூசணிக்காய்த் துண்டு."

"பூசணிக்காய்க்காக நீங்களெண்டால் கோழியை விடுவியளோ?"

அடுத்த வெள்ளி கோழி, கூடை, நாய் எல்லாம் மார்கிரட்டின் முற்றத்துக்கு இடம்பெயர்ந்தன. அங்கே சட்டியில் சூடைமீன் பொரிந்துகொண்டிருந்தது. மினிஸ்டர் கோழியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இரண்டு மாதத்தில் மொட்டை வால் கோழி அவனுடைய முதுகில் ஏறி உண்ணி பொறுக்கியது. பிறகு அவனுடைய வயிற்றுச் சூட்டில் முட்டையைத் தள்ளிவிட்டு ஊர் சுற்றப் போனது என்றும், ஏழு குஞ்சும் அவனைத்தான் தாயென்று நினைத்தன என்றும் முட்டை வாங்க வந்தவர்கள் சத்தியம் பண்ணுகிறார்கள்.

பஞ்சலிங்கத்துக்குச் சந்தேகம்.

"வெள்ளியிலை உவன் எங்கை போறவன்?"

"மார்கிரட் வீட்டை. மீன் தின்ன."

"அவளின்ரை கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டானோ?"

"வெள்ளியிலை மட்டும்."

அவர் கோழிகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். ஒன்றும் குறையவில்லை. மறு வெள்ளி கோயிலால் வந்தவர், நெற்றி நிறைய விபூதியோடு தானே படலையைத் திறந்துவிட்டார்.

"கெதியாப் போடா. மீன் ஆறப்போகுது."