பேர்நாளன்று சாத்திய கதவு

எவ்தோகியாவை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'போலீஸ்காரம்மா' என்றுதான் சொல்வார்கள், அவள் காதில் விழாமல். முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் ஃபோட்டிஸ் ஒருவனுக்குத்தான் இருந்தது.

கிரேக்க நாட்டில் வோலோஸ் துறைமுகத்தை ஒட்டிய ஆஸ்பத்திரி ஒன்றில், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் வார்டை ஆயுசில் பாதிக்கு மேல் அவள்தான் தலைமை நர்ஸாகக் கட்டி மேய்த்தாள். அங்கே பூங்கொத்தோடு வந்தவன் பூங்கொத்தோடுதான் திரும்பிப் போவான். வீட்டில் செய்த ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, மண் ஒட்டிய கீரை, முத்தத்துக்கு நீளும் கன்னம், எதுவும் அவளைத் தாண்டி உள்ளே போனதில்லை. ஒரு பண்டிகைக்கு பிஷப்பே மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து நின்றார். முகமூடியைக் கையில் கொடுத்து, நடைவழியில் நின்றபடியே ஆசீர்வதிக்கச் சொல்லிவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் கையில் பிழைத்தவர்கள் நிறையப் பேர். அதனாலேயே தான் செய்வது தப்பாக இருக்கலாம் என்ற எண்ணம் அவளுக்கு வந்ததே கிடையாது. சரியாகவே செய்து பழகியவர்களிடம் இது ஒரு தொல்லை.

ஃபோட்டிஸ் பெலியோன் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவன். குளிர்காலம் வந்தால் நிமோனியாவும் வந்துவிடும். சிகரெட்டை விடு, சிகரெட்டை விடு என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவன் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. கிருமியோடு சண்டை போடும் பொருளை அவன் உடம்பு பிறவியிலிருந்தே சரியாகத் தயாரிப்பதில்லை என்று ஒருவர் கண்டுபிடிப்பதற்குள் நுரையீரல் பாதி பாழாகிவிட்டது. அதன்பிறகு வாரம் ஒருநாள் எவ்தோகியாவிடம் வருவான். யார் யாரோ தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்து அது. புட்டியைக் குலுக்கினால் நுரைத்துவிடும். ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்து, குளிர் போகும்வரை காத்திருந்து, அவன் வயிற்றுத் தோலுக்கடியில் மெல்லிய ஊசி வைத்து, சின்ன பம்பு ஒன்றால் மெதுவாக ஏற்றுவாள். ஏறி முடியும்வரை அவன் பஸ் கதை சொல்வான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவள் அவனை விடவில்லை. அவனுக்குக் கல்யாணம் தங்கவில்லை, நாலாவது மாடியில் தனியாக இருந்தான். அவளுக்கும் பிள்ளைகுட்டி இல்லை. வாரா வாரம் அவன் வீட்டுக்கே போய் மருந்து ஏற்றினாள். ஊர் இரண்டு விதமாகப் பேசியது, இரண்டும் பொய். அவர்கள் நடுவே இருந்தது ஊசியும் காபியும் வாய்ச்சண்டையும்தான்.

வினை ஒரு கல்யாணத்தில் ஆரம்பித்தது. ஃபோட்டிஸின் அண்ணன் திராசோஸ் துறைமுகத்தில் சிப்புரோ சாராயமும் வறுத்த மீனும் விற்கும் கடை வைத்திருந்தான். அவன் மகள் கல்யாணத்தில் மணமக்களின் தலையில் மலர்முடிகளை மாற்றி வைக்கவேண்டியவன் ஃபோட்டிஸ். அந்த வாரம் ஊரெல்லாம் ஃப்ளூ.

"சிஸ்டர், அரை மணி நேரம். முடியை மாத்தி வச்சுட்டு ஓடி வந்துடறேன்."

"ஊரே உன் கன்னத்துல முத்தம் குடுக்கும். அதுல யாருக்கு ஃப்ளூன்னு நீ மோந்து பாத்துச் சொல்லுவியா?"

"முகமூடி போட்டுக்கறேன்."

"போட்டோவுல அழகா இருக்கும். பேசாம படு."

அவன் போகவில்லை. கடைசி நிமிஷத்தில் பக்கத்துக் கடைக்காரன் முடி மாற்றினான். கல்யாணத்துக்குப் போனவர்களில் பாதிப்பேர் அடுத்த வாரமே படுத்துவிட்டார்கள். "பாத்தியா?" என்று எவ்தோகியா கேட்டாள். "பாத்தேன்" என்று ஃபோட்டிஸ் சுவரைப் பார்த்துச் சொன்னான். என் பெண்ணின் கல்யாணத்தைவிட அவனுக்கு அவன் மூச்சு பெரிதாகப் போய்விட்டது என்று திராசோஸ் ஊரெல்லாம் சொன்னான். அதற்குப் பிறகு தம்பியைத் தெருவில் கண்டால் எதிர்வாடைக்குப் போய்விடுவான். வருஷக்கணக்கில் அப்படியே போயிற்று.

ஜனவரியில், பாதிரியார் கடலில் சிலுவையைப் போடும் அந்தத் திருநாள்தான் ஃபோட்டிஸின் பேர்நாளும். அவரவர் பேருக்குரிய திருநாளை அங்கே பிறந்தநாள்போலக் கொண்டாடுவார்கள். அதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவைத் திறந்து வைத்தால் ஊர் தானாக வரும். எவ்தோகியா காலையிலேயே வந்து கதவில் ஒரு காகிதம் ஒட்டினாள்: 'ஃபோட்டிஸ் நலம். இனிப்பைப் பக்கத்து வீட்டில் கொடுக்கவும்.' ஒட்டிவிட்டு, உள்ளறையில் அவனைப் படுக்கவைத்து அன்றைக்கான மருந்தை ஏற்றத் தொடங்கினாள்.

சிலுவை போட்டதும் துறைமுகத்தில் கப்பல்கள் ஊதி ஓய்ந்த நேரம் வாசல் மணி அடித்தது. சங்கிலியைக் கழற்றாமல் கதவை ஒரு விரல் அளவு திறந்தாள். திராசோஸ் நின்றிருந்தான். கோயிலுக்குப் போட்ட கோட்டு, படிய வாரிய தலை, கையில் பால் பணியாரப் பெட்டி. வாயைத் திறந்ததும் முதலில் வந்தது இருமல்தான்.

"தம்பிக்கு வாழ்த்து சொல்ல வந்தேன்."

"இருமுறீங்க."

"நாலு மாடி ஏறி வந்திருக்கேன்மா. லிஃப்ட் ஓடல."

"இருமல் நிக்கட்டும். அப்புறம் வாங்க, நானே உங்களை உள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வைக்கிறேன்."

"நான் அவன் அண்ணன்."

"கிருமிக்கு அது தெரியாது."

"கிருமிக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியல?"

அவன் பெட்டியை வாசல் மிதியடிமேல் வைத்துவிட்டு இறங்கினான். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவன் இருமுவது கேட்டது.

"யாரு சிஸ்டர்?" என்று ஃபோட்டிஸ் உள்ளிருந்து கேட்டான்.

"மூணாவது மாடிக்காரங்க. இனிப்பு குடுத்துட்டுப் போறாங்க."

உண்மையைச் சொன்னால் ஊசியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு படியிறங்கி ஓடுவான், அது அவளுக்குத் தெரியும். சில நாள் போகட்டும், அண்ணனைத் தானே கையைப் பிடித்துக் கூட்டி வந்து நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டாள். கெட்ட கணக்கு என்று சொல்ல முடியாது.

மாதம் முடிவதற்குள் கடைக்குப் போனாள். திராசோஸ் கண்ணாடி டம்ளர்களைத் துடைத்துக்கொண்டே இருமினான்.

"இன்னும் நிக்கலையா?"

"இதுவா? பட்டாளத்துலேருந்து கூட வந்தது. என்னோடதான் போகும். சிகரெட் இருமலும் சீக்கு இருமலும் உனக்கு ஒண்ணா தெரியுது. நீயெல்லாம் ஒரு நர்ஸ்."

அவளுக்குச் சுருக்கென்றது. "என் தப்புதான். வாங்க, இப்பவே போலாம்."

"ஒரு தடவை வந்தேன். நாயை விரட்டற மாதிரி விரட்டின. இனிமே அவன் கூப்பிடட்டும். கூப்பிட்டா, இந்த ஏப்ரனோட ஓடி வரேன்."

நீங்கள் வந்ததே அவனுக்குத் தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் தான் பொய் சொன்னது வெளியே வரும். பிஷப்பையே நடைவழியில் நிறுத்திய வாய் திறக்க மறுத்தது. வெட்கம்தான், வேறொன்றுமில்லை.

அப்புறம் வாரா வாரம் ஊசியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாள்.

"என்ன சிஸ்டர், ஏதோ சொல்ல வந்தீங்க?"

"ஊசி குத்தறப்ப பேசாதே."

ஈஸ்டர் நோன்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாளில் மூச்சுக்குத் திணறினான். அவளுடைய பழைய வார்டிலேயே சேர்த்தார்கள். யார் கொண்டுவந்த கிருமி என்று அவள் அரற்றிக்கொண்டிருந்தாள். இளம் டாக்டர் சொன்னார்: "யாரும் கொண்டு வரல, சிஸ்டர். கெட்டுப்போன நுரையீரல்லயே வருஷக்கணக்கா குடியிருந்த கிருமிதான் இது. இப்ப கிளம்பிடுச்சு."

அப்படி நடக்கும் என்று அவளுக்குத் தெரியாததா? புதிதாகச் சேரும் நர்ஸுகளுக்கு அதை எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஆனாலும் இத்தனை வருஷமும் வாசலைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருந்தாள்.

மயக்கம் கொடுத்து தொண்டையில் குழாய் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவன் தலைமாட்டில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஆக்ஸிஜன் முகமூடிக்குள் சிரித்த மாதிரி இருந்தது.

"தெரியும். அண்ணன் இருமலு எனக்குத் தெரியாதா? ஒரே கட்டில்ல படுத்து வளர்ந்தோம்."

"தெரிஞ்சும் ஏண்டா கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டான். "அப்புறம் ஒரு வீம்பு. அவனே இன்னொரு தடவை வரட்டுமேன்னு."

"இப்பக் கூப்பிடறேன்."

"வேணாம். இந்தக் கோலத்துல அவன் என்னைப் பாக்க வேணாம்."

அவன் சொல்லை மீறித்தான் ஃபோன் செய்தாள். திராசோஸ் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தான். அதற்குள் குழாய் வைத்துவிட்டார்கள். அவனுக்கு அங்கியும் கையுறையும் மாட்டி, கட்டிலருகே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு சில நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஃபோட்டிஸ் கண் திறக்கவேயில்லை, அப்படியே போய்விட்டான்.

துணிமணிகளை வாங்கிக்கொள்ள வந்தபோது, நடைவழியில் திராசோஸ் அவளை நிறுத்தினான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. நான் அன்னிக்கு வந்தது அவனுக்குத் தெரியுமா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். தெரியும் என்றால், தெரிந்தும் தம்பி கூப்பிடவில்லை என்றாகும். கடைசியில் கேட்டபோதும் வேண்டாம் என்றான் என்றாகும். மிச்ச ஆயுசுக்கும் இந்த மனிதன் அதையே மென்றுகொண்டு கிடப்பான்.

"தெரியாது" என்றாள். "மூணாவது மாடிக்காரங்கன்னு பொய் சொல்லிட்டேன்."

"அப்புறமாவது சொன்னியா?"

"இல்ல. கடைசி வரைக்கும் சொல்லல. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே படியிறங்கி ஓடி வந்திருப்பான்."

திராசோஸ் சுவரில் சாய்ந்துகொண்டான். அவன் முகம் முதலில் இளகியது, அப்புறம்தான் இறுகியது.

"அப்ப என் தம்பி என்னை ஒதுக்கல. நீதான் எங்களைப் பிரிச்ச."

"ஆமா."

"அடக்கத்துக்கு வராதே. உன் மூஞ்சிய அங்க நான் பாக்கக் கூடாது."

"சரி" என்றாள் எவ்தோகியா.

அவன் அழத் தொடங்கினான். அழுகையோடு இருமலும் சேர்ந்துகொண்டு அவனைக் குனிய வைத்தது. முதுகைத் தடவிக்கொடுக்க நீட்டிய கையை அவள் மெல்ல மடக்கிக்கொண்டாள்.