என் நெஞ்சுவலி நின்ற இடம்

மாரடைப்பு வந்து ஆறு வாரம் கட்டிலில் கிடந்தேன். ஓரிடத்தில் இருந்து பழகாத உடம்பு என்னுடையது. பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடம் நடத்தும்போதுகூட, செய்யுளின் ஒரு வரியைக் கதவருகே சொல்லிவிட்டு அடுத்த வரிக்கு சன்னலருகே போய்விடுவேன். அப்படிப்பட்டவன் உத்திரத்தில் ஓடும் பல்லியைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டு கிடந்தேன். பல்லிக்கு யாரும் ஓய்வு எழுதிக் கொடுப்பதில்லை.

ஏழாம் வாரம் டாக்டர் வந்தார். நெய்யாற்றின்கரைக்குப் புதிதாக வந்த மலையாளி. கால்சட்டையும் தொப்பியும் போட்டு சைக்கிளில் வருவார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டும் என்றார்.

"எப்படிப் பார்ப்பீங்க?"

"திறந்து பார்க்க ஒக்காது சாரே. நடக்கவிட்டுத்தான் பார்க்கணும்."

தினமும் காலையில் என் வீட்டுப் படலிலிருந்து இடவழியில் மேற்கே நடக்க வேண்டும். நெஞ்சு இறுகினால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை நின்ற இடத்தில் ஓர் அடையாளம் வைக்க வேண்டும். சனிக்கிழமை அவர் வந்து காலடி எண்ணிப் பார்ப்பார். நான் மட்டும் எண்ணக் கூடாது. எண்ணினால் மனசு முன்னால் ஓடிப்போய் வலியைக் கையைப் பிடித்துக் கூட்டிவரும் என்றார். தூரம் வாரத்துக்கு வாரம் கூடினால் ரத்தம் வழி கண்டுபிடிக்கிறது என்று அர்த்தம். வலியில்லாமல் பள்ளிக்கூட வாசல்வரை போய்விட்டால் வேலைக்குப் போகலாம். குறைந்தால் குழாய் மூடுகிறது, மறுபடியும் கட்டில்.

என் வீட்டுக்காரி தேங்காய் அளவுக்கு ஒரு கல்லை எடுத்துச் சுண்ணாம்பு பூசித் தந்தாள். "நின்ன இடத்துல இத வச்சிட்டு வாங்க. கண்டவனுக்க சுவத்துல கோடு போட்டுட்டு நிக்காண்டாம்."

அந்த வருடங்களில், எங்கள் ஊரில், வழியோரம் வெள்ளையடித்த கல் ஒன்றை நடுவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. தாலுகா தமிழ்நாட்டோடு சேருமா, மலையாளத்தோடு நிற்குமா என்று பாறசாலையிலிருந்து செங்கல் கிராமம்வரை தொண்டை கிழிந்துகொண்டிருந்த காலம். காலையில் ஓர் ஊர்வலம், சாயங்காலம் எதிர் ஊர்வலம், இரண்டுக்கும் ஒரே செண்டைக்காரர்கள். தமிழில் கோஷம் போட்டவன் வீட்டுக்குப் போய்ப் பசுவை மலையாளத்தில் திட்டினான். கிழக்கே தமிழ்நாடு, மேற்கே மலையாளம்; நடுவில் எல்லை எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அளக்க ஆள் வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

என் வீட்டுக்கு மேற்கே பக்கத்து வீட்டுக்காரரின் விளை, மரச்சீனிக் கிழங்குத் தோட்டம். விளை முடிந்ததும் ஒரு சாயாக்கடை. அதற்கப்புறம் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றம்.

முதல் சனிக்கிழமை டாக்டர் இருநூற்றுப் பத்து எண்ணினார். கல் விளையின் மேற்கு ஓரத்தில், சாயாக்கடைக்கு இப்புறம் இருந்தது. இரண்டாம் சனிக்கிழமை கல் சாயாக்கடையைத் தாண்டியிருந்தது. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவ்வளவு தூரம் போனேனா என்று ஒரு சின்ன சந்தேகம் எனக்கு இருந்தது. ஆனால் நல்ல சேதியை யார் குறுக்கு விசாரணை செய்கிறார்கள்? மரச்சீனி இலைகள் விரல் விரித்துக் கைதட்டுவதாக அன்றைக்கு நோட்டில் எழுதிவைத்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை தொண்ணூறு. கல் விளைக்குக் கிழக்கே, என் வீட்டை நோக்கி ஓடி வந்திருந்தது. டாக்டர் தன் நோட்டைப் புரட்டிப் பழைய எண்ணிக்கையைப் பார்த்தார். குழாய் முக்கால்வாசி அடைபட்டிருக்கலாம் என்றார். வீட்டுக்காரி அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கட்டிலில் ஏறிப் படுத்தேன். விளையைத் தாண்டின ஞாபகம் இருந்தது. ஞாபகமும் இதயத்தோடு சேர்ந்து தளர்ந்துவிட்டது போலும் என்று நினைத்தேன். பல்லியைத் தேடினேன், அதுவும் இல்லை.

புதன்கிழமை சாயாக்கடைக்காரர் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு பார்க்க வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று துண்டைத் திருகினார்.

"சாரே, ஒரு தப்பு உண்டு. முந்தின வெள்ளி ராத்திரி கல்லத் தூக்கி கடைக்கு அங்கோட்டு வச்சது நானாக்கும்."

"எதுக்கு?"

"கடை தமிழ்நாட்டுல வரட்டும்னுதான்."

அவர் பின்னாலேயே விளைக்காரரும் வந்திருந்தார், கையில் ஒரு பப்பாளியோடு. "கடையோட நிக்குமா? எனக்க விளையுமில்லா மதராசுக்குப் போவுது. போன வெள்ளி ராத்திரி நான் அதத் தூக்கி விளைக்கு இங்கோட்டு வச்சேன். அதுல என்ன தப்பு?"

"அது எனக்கு நெஞ்சுவலி வந்த இடம்," என்றேன்.

"சும்மா இரியுங்க சாரே," என்றார் சாயாக்கடைக்காரர். "தொப்பி போட்ட சர்க்கார் ஆளு சைக்கிள்ல வாறான், காலடி எண்ணுதான், புக்குல எழுதுதான். டாக்டராம். நாங்க என்ன சின்னப் பிள்ளைகளா?"

வீட்டுக்காரி அடுக்களையிலிருந்து வந்தாள். "நீங்க ரெண்டு பேரும் நாடு பிடிக்க எனக்க மாப்பிளைக்க நெஞ்சுதானா கெடச்சுது?" என்றாள். பப்பாளியை மட்டும் வாங்கி உள்ளே வைத்தாள்.

சனிக்கிழமை டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டார். "கல்லு வேண்டாம். எனக்கு முன்னால நடங்க."

நடந்தேன். என் பின்னால் டாக்டர் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார். அவர் பின்னால் மாத்திரைக் குப்பியோடு வீட்டுக்காரி. அவளுக்குப் பின்னால் இரண்டு ராஜ்யங்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தன.

"மெதுவா போனா போதும் சாரே," என்றார் விளைக்காரர். "மூச்சு வாங்குதில்லியா? இஞ்சயே இரியுங்க, நல்ல நிழலு."

"அவரு பறையுதக் கேக்காதீங்க. இந்தா கடை வந்தாச்சு. ஒரு சாயா போடுதேன்."

விளையின் கடைசிக்கு வந்தபோது அது வந்தது. யாரோ உள்ளே இருந்து சட்டையைச் சுருட்டிப் பிடிப்பதுபோல ஒரு பிடி. நிற்க வேண்டும். நான் நிற்கவில்லை. சாயாக்கடை கண்முன்னால் இருந்தது. அதைத் தாண்டினால் ஏற்றம், ஏற்றத்தின் உச்சியில் என் வகுப்பு. முகத்தை நேராக வைத்துக்கொண்டு நடந்தேன். கல்லைத் தூக்கியவர்கள்மேல் நான்கு நாளாக எனக்குக் கோபம். இப்போது என்னையே தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் வைக்கப் பார்த்தேன்.

விளைக்காரர் என் முழங்கையைப் பிடித்தார். "சாருக்கு வேர்க்குது. நில்லுங்க."

"எலே, நீ பிடிச்சதுனாலயாக்கும் அவரு நின்னது. இது கணக்கில்ல," என்றார் சாயாக்கடைக்காரர்.

வீட்டுக்காரி என் வாயைத் திறந்து மாத்திரையை வைத்தாள். கடை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். "வலி வந்து எத்தனை அடி நடந்தீங்க?"

எண்ணக் கூடாது என்றவரே கேட்கிறார். நான் எண்ணியிருந்தேன். பூஜ்யம் என்று காட்டியிருக்கலாம். அவருக்குத் தெரிய வழியே இல்லை. அந்தக் குழாய் என் நெஞ்சுக்குள்தானே இருக்கிறது. வீட்டுக்காரி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்குக்கு அடியில் மாத்திரை இருந்ததால் பேச முடியாமல் விரல்களை விரித்தேன். ஒன்பது.

டாக்டர் ஒன்பதைக் கழித்து எழுதினார். "இருநூற்றுப் பத்துக்கு ரெண்டு மூணு கூடும். அதிகம் சுருங்கவும் இல்லை, விரியவும் இல்லை. கட்டில் வேண்டாம். பள்ளிக்கூடமும் இப்போ வேண்டாம். நடந்துட்டே இருங்க."

வீட்டுக்காரி பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து முதல் தடவையாக சாயா கேட்டாள்.

சாயாக்கடைக்காரர் அடுப்புப் பக்கம் போகாமல் நின்றார். விளைக்காரரும் போகவில்லை. இரண்டு பேரும் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சாரே," என்றார் விளைக்காரர், "அந்த ஒம்பது அடி இப்ப யாருக்கு?"

மாத்திரை இன்னும் கரையவில்லை.