வடக்கு வயல்காரர் சொன்ன சாட்சி

முட்டாள்தனத்துக்குப் பாஸ்போர்ட் கொடுத்தால், போலீஸ் விசாரணையே இல்லாமல் எனக்குத்தான் முதலில் கிடைக்கும். சிங்கப்பூரில் மகளுக்குப் பிரசவம் நெருங்கவே, ஆன்லைனில் நானே விண்ணப்பித்தேன். உங்களை அறிந்த அக்கம்பக்கத்தார் இருவர் யார் என்று படிவம் கேட்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் நிலப் பத்திரம்தான். அதில் எல்லை சொல்கிற பழக்கத்தில், தெற்கு வயல்காரர் பெயரையும் வடக்கு வயல் கலியபெருமாள் பெயரையும் போட்டு அனுப்பிவிட்டேன்.

“நீங்க வாய்க்கால் தண்ணிய மறிச்சுக்கிறீங்கன்னு பேச்சையே நிறுத்தின ஆளாச்சேங்க அந்தக் கலியபெருமாளு!” என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டபோதுதான் உறைத்தது. மாற்றலாம் என்று திரும்பத் திறந்தால், திரை சுற்றிக்கொண்டே இருந்தது. என் தலையும்தான். அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால், பேரக்குழந்தையை வீடியோவில்தான் பார்க்க வேண்டும்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர், கலியபெருமாளைப் பார்த்துவிட்டு வந்து சிரித்தார். “உங்களைத் தங்கமான மனுஷன்னு சொல்றாரு சார்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் அவரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று கண் கலங்க வரப்பில் ஓடினேன். மண்வெட்டியோடு நின்றிருந்தவரிடம், “என்னைப் பத்தி நல்லவிதமாச் சொன்னீங்களாமே, ஏங்க?” என்றேன்.

அவர் நிமிரக்கூட இல்லை.

“நீ போனாத்தான்யா என் வயலுக்குத் தண்ணி வரும்.”