வட்டி வாங்காத வாடகைக்காரர்

எங்கள் பங்குக் கோயிலில் முன்வரிசை வலது ஓர இருக்கையில் வேறு யாரும் உட்காரத் துணிய மாட்டார்கள். அது 'வாடகை' என்று ஊர் பட்டப்பெயர் வைத்த மனிதரின் இடம். ஞானஸ்நானப் பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் அவர் மனைவியே ஒரு நொடி யோசிப்பார். பூசைக்கு முதல் ஆளாக வந்துவிடுவார். நற்கருணை வாங்கித் திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டே நடப்பார். ஆனால் பணம் தர வேண்டியவன் எந்தத் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான் என்பது மட்டும் அந்த மூடிய கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

முன்பெல்லாம் அவர் தொழில் பச்சையாக வட்டிதான். சம்பள நாளன்று ஆலை வாசலில் கக்கத்தில் பையை இடுக்கிக்கொண்டு நிற்பார். ஒரு தவக்காலத்தில் வெளியிலிருந்து வந்த சாமியார் பிரசங்கத்தில் வட்டியைக் கிழி கிழியென்று கிழித்தார். "இல்லாதவனோட அவசரத்தைக் காசாக்குறவன் திருடன். திருடினதைத் திருப்பிக் குடுக்காதவனுக்குப் பாவசங்கீர்த்தனத்துல மன்னிப்பு கிடையாது" என்றார். கோயில் மொத்தமும் வலது ஓர இருக்கையைத் திரும்பிப் பார்த்தது.

வேறு மனிதனாக இருந்தால் வட்டியை விட்டிருப்பான். இவர் அந்தச் சொல்லை மட்டும் விட்டார். அடுத்த வாரமே புதுத் தொழில். கடன் கேட்டு வருகிறவனின் பொருளை அந்தத் தொகைக்குத் தான் விலைக்கு வாங்கிவிட்டதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார். பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை வைத்துப் பிழைக்கிறவன் வாராவாரம் அவருக்கு வாடகை கட்ட வேண்டும். தொகையை மொத்தமாகக் கொடுத்தால் பொருள் திரும்பும்; வாடகை தவறினால் அவர் ஆள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவான். தள்ளுவண்டி, தராசு, ஐஸ்பெட்டி, தையல் மிஷின் என்று எல்லாவற்றிலும் வெள்ளைச் சாயத்தில் சின்னதாக ஒரு சிலுவையை அவரே குனிந்து போடுவார். "நான் வட்டி வாங்குறவன் இல்லப்பா, ஆண்டவர் சாட்சி" என்பார். ஆண்டவரையே சாட்சிக்கு இழுக்கிற நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள். மேலே இருப்பவருக்குக் கணக்குத் தெரியாது என்கிற நினைப்பு.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலையை அடி வாங்கிக் கற்றுக்கொண்டு, இன்றைக்கு மூன்று கடைக்கு முதலாளி. வாடகைக்கு வீடுகளும் விட்டிருக்கிறேன். ஒரு பயலிடமும் கைநீட்டிக் கடன் வாங்கியதில்லை. ஒருவன் கஷ்டத்தில் குளிர்காய்ந்ததும் இல்லை. இந்த மாதிரி ஆட்களை முகத்துக்கு நேரே கேட்க எனக்கு இல்லாத யோக்கியதை வேறு யாருக்கு இருக்கிறது?

என் கடைக்குப் பின்சந்தில் ஒரு தையற்காரம்மா. புருஷனுக்கு வயிற்றில் அறுவை செய்ய இவரிடம்தான் பணம் வாங்கியிருந்தாள். அவள் மிஷினிலும் வெள்ளைச் சிலுவை ஏறியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் கருகிய மோட்டாரை இடுப்பில் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். பள்ளிச் சீருடை ஆர்டர் பாதியில் கிடந்தது. திங்கட்கிழமை கொடுக்காவிட்டால் பள்ளிக்கூடத்து வேலை கைவிட்டுப் போகும். வேலை போனால் வாடகை தவறும், வாடகை தவறினால் மிஷினும் போய்விடும்.

"அண்ணே, கம்பி கட்ட எவ்வளவு ஆகும்?"

சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது.

"கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துடட்டுமாண்ணே?"

"நீ எதுக்கும்மா குடுக்கணும்? மிஷின் யாருது?"

"அவருதுதான். எழுதிக் குடுத்துட்டேனே."

"அப்ப அவர்தான் குடுக்கணும். என் வீட்டுல கூரை ஒழுகினா குடியிருக்கிறவனா மேல ஏறி அடைக்கிறான்? நான்தானே ஆள் கூட்டிட்டுப் போறேன்?"

"இதை அவர்கிட்டப் போய்ச் சொன்னா என்னை உப்பில்லாமத் தின்னுடுவாருண்ணே."

"தின்னட்டும். வா, நானும் வர்றேன்."

சாயங்காலப் பூசை முடிந்து அவர் பங்குத்தந்தையின் அறையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஃபாதர் நல்லவர். நல்லவர் என்றால் யாரையும் பகைத்துக்கொள்ளப் பயப்படுகிறவர் என்று அர்த்தம். அதிலும் கோயில் ஒலிபெருக்கி முழுக்க 'வாடகை' தன் காசில் வாங்கிப் போட்டது.

"என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க?" என்றார் வாடகை.

"உங்க மோட்டார் எரிஞ்சு போச்சு. கூலி வாங்கிட்டுப் போக வந்தேன்" என்றேன்.

"என் வீட்டு மோட்டார் நல்லாத்தானே ஓடுது?"

"தையல் மிஷின் மோட்டாரு. நீங்க சிலுவை போட்டது."

"அட, அதுவா! எரிச்சவ அவ, கட்ட வேண்டியவளும் அவதான்."

தையற்காரம்மா மெல்ல வாய் திறந்தாள். "ஐயா, 'இனிமே இது என் பொருள், பத்திரமா வச்சுக்க'ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பத்திரமா வச்சுக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே!" என்று சிரித்தார். அந்த அறையில் அவர் ஒருவர்தான் சிரித்தார்.

ஃபாதர் மேசையில் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். நழுவப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு கேட்டார்: "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த மிஷின் தீப்பிடிச்சுச் சாம்பலாப் போச்சுன்னா நஷ்டம் யாருக்கு?"

"அவளுக்குத்தான் ஃபாதர்! என் பணம் எங்க போயிடும்? கடைசிக் காசு வரைக்கும் கறந்துட மாட்டேன்?" பெருமை பொங்கச் சொன்னார் மனிதர்.

"அப்ப அது உங்க பொருள் இல்ல. நஷ்டத்துல பங்கு இல்லாதவர் வாங்குறது வாடகை ஆகாது. நீங்க குடுத்தது கடன், வாங்கினது வட்டி. இதுவரைக்கும் வாங்கினதை அசல்ல கழிங்க. மேல வாங்கியிருந்தா திருப்பிக் குடுங்க. எல்லாருக்கும். அதுக்கப்புறம் பாவசங்கீர்த்தனத்துக்கு வாங்க."

அந்த ஆளுக்கு அவ்வளவு முதுகெலும்பு உண்டென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சொல்லி முடித்ததும் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார், அது வேறு கதை.

வாடகையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு பக்கம் ஊர் முழுக்கத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம். இன்னொரு பக்கம் ஒரே ஒரு மோட்டாரின் கூலி. மனசுக்குள் நிறுத்துப் பார்த்துவிட்டார்.

"வாய் தவறிடுச்சு ஃபாதர். என் பொருள்தான். நஷ்டமும் என்னுது, ரிப்பேரும் என்னுது!" என்று பணத்தை எடுத்து என் கையில் திணித்தார். பெரிய தந்திரம் செய்து தப்பித்துவிட்டதாக நினைப்பு.

அன்றைக்கே கம்பி சுற்றிக் கொடுத்தேன். என் கை பட்ட மோட்டார் அவ்வளவு சீக்கிரம் படுக்காது. சீருடைகள் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தன. தையற்காரம்மா சும்மா இருப்பாளா? சந்தையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டாள்.

அப்புறம்தான் கூத்து. வெள்ளைச் சிலுவை போட்ட சாமானெல்லாம் அவர் வீட்டு வாசலுக்கு வர ஆரம்பித்தன. "ஐயா, உங்க வண்டிக்கு அச்சு முறிஞ்சிடுச்சு!" "ஐயா, உங்க ஐஸ்பெட்டி குளிர மாட்டேங்குது, என் மீனெல்லாம் நாறுது!" காய்கறிக்காரி ஒருத்தி தராசைத் தூக்கிக்கொண்டு வந்து, "உங்க தராசு பொய் சொல்லுதுங்கய்யா, உங்களோட சேந்து கெட்டுப் போச்சு" என்று தெருவே கேட்கச் சொன்னாள். மோட்டார் வேலை அத்தனையும் என் கடைக்குத்தான் வந்தது. ஒரே கோயில்காரர்கள் என்று கூலியைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினார். குறைப்பேனா நான்?

வருகிற வாடகையைவிடப் போகிற ரிப்பேர் பெரிதானதும் ஃபாதரிடம் ஓடினார். "அது கடன்தான் ஃபாதர், வட்டிதான் ஃபாதர்" என்று ஒப்புக்கொண்டு எல்லாருடைய கணக்கையும் நேர் செய்தார். பங்கில் இதை மனமாற்றம் என்று மெச்சுகிறார்கள். மனமாவது மாற்றமாவது! வண்டி அச்சு முறியாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் வாடகைதான் வாங்கிக்கொண்டிருப்பார்.

தையற்காரம்மாவின் அறைக்கு அவர் வந்தபோது நான் அங்கே மிஷினுக்குப் புது பெல்ட் மாட்டி முடித்திருந்தேன். அவள் கட்டிய வாடகை எப்போதோ அசலைத் தாண்டியிருந்தது. கையெழுத்து வாங்கிய தாளையும், மேல்பணம் வைத்த உறையையும் நீட்டினார்.

"உன் மிஷினை உனக்கே குடுத்துட்டேம்மா. எனக்காக வேண்டிக்க" என்றார். இவர் கொடுத்துவிட்டாராம்!

அவள் எழுந்திருக்கக்கூட இல்லை. துணியை ஊசிக்கு அடியில் தள்ளினாள்.

"அங்க வச்சிட்டுப் போங்க. எண்ணிப் பாத்துட்டு வேண்டிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பெடலை மிதித்தாள்.