அம்மா கூப்பிட்டாலும் திறக்காதே

துபாயில் எங்கள் ஃபிளாட்டில் இரண்டு குடும்பங்கள் இருந்தோம். வாடகை ஒப்பந்தத்தில் என் கணவரின் பெயர் மட்டும்தான். படுக்கையறையில் நாங்களும் மூன்று வயது மகளும். ஹாலைப் பலகையால் தடுத்த அறையில் யாழ்ப்பாணத்து அக்காவும் அவர் கணவரும். எங்களைப் போல் பலர் அப்படித்தான் குடியிருந்தார்கள். அதற்கு அனுமதியில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கீழ்த்தளத்தில் ஒரு நாள் நகராட்சியிலிருந்து சோதனைக்கு ஆட்கள் வந்தார்கள். அந்த வாரமே ஒரு குடும்பம் கட்டில், பாத்திரத்தோடு வெளியேறியது. அன்றிலிருந்து அழைப்பு மணி கேட்டாலே டிவியை அணைத்துவிடுவேன். கணவர் அல் கூஸ் தொழிற்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தார். அக்காவும் அவர் கணவரும் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார்கள். பகல் முழுக்க வீட்டில் நானும் மகளும்தான். அவளுக்கு ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். யாராவது கதவைத் தட்டினால் ஒளிந்துகொள்ள வேண்டும். பேசக் கூடாது, கதவைத் தொடக் கூடாது. பேசினால் தோல்வி.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் யாராவது தமிழில் கொஞ்சிக் கூப்பிட்டால் திறந்துவிடுவாளோ என்று சந்தேகம் வந்தது. நானே வெளியே நின்று தட்டினேன். "பாப்பா, அம்மாதான்டா, திற" என்றேன். சத்தமே இல்லை. சாவி போட்டு உள்ளே வந்து அவளைத் தூக்கி முத்தமிட்டேன். "சமத்து! அம்மா கூப்பிட்டாலும் திறக்கல பாரு!" என்று அக்காவிடமும் பெருமையாகச் சொன்னேன். பிறகு அடிக்கடி அப்படிச் சோதித்தோம். ஒவ்வொரு முறையும் அவளே ஜெயித்தாள்.

ஒரு காலை, குக்கரில் பருப்பை ஏற்றிவிட்டு, வராந்தாவின் கோடியில் குப்பை போடப் போனேன். இரண்டு நிமிட வேலை. கதவு மூடிவிடாமல் இருக்கச் செருப்பை இடையில் வைத்திருந்தேன். திரும்பி வரும்போது செருப்பு நகர்ந்திருந்தது; தானாக மூடும் அந்தக் கனத்த கதவு சாத்தியிருந்தது. சாவியும் போனும் உள்ளே. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குக்கர் விசில் அடித்தது வெளியே கேட்டது.

உள்ளே கைப்பிடியை அழுத்தினால் போதும், கதவு திறந்துவிடும். அவளுக்கு அது எட்டும்.

"பாப்பா, அம்மா வெளிய மாட்டிக்கிட்டேன். கைப்பிடிய அழுத்துடா."

கதவுக்கு அந்தப் பக்கம் சின்னக் கால்கள் ஓடும் சத்தம் கேட்டது. கதவை நோக்கி அல்ல. ஒளிந்துகொள்ள.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்கு இதுவும் ஒரு சோதனை.

"இது விளையாட்டு இல்லம்மா. நெஜமாத்தான். அம்மா தோத்துட்டேன், நீ ஜெயிச்சிட்ட, திற." சோதிக்கும்போதும் நான் இப்படியெல்லாம்தான் பேசியிருந்தேன். அவளை நம்பவைக்க என்னிடம் புதிதாக ஒரு வார்த்தையும் மிச்சமில்லை.

நான் கதவை இடிப்பதைக் கேட்டு வாட்ச்மேன் மேலே வந்தார். மலையாளி. அவர் போனில் கணவரை அழைத்தேன்; டூட்டி நேரத்தில் போன் லாக்கரில் இருக்கும், எடுக்கவில்லை. அக்காவிடம் ஒரு சாவி உண்டு. ஆனால் அவர் நம்பர் எனக்கு மனப்பாடமில்லை.

"மாஸ்டர் கீ இல்ல சேச்சி," என்றார் வாட்ச்மேன். "போலீஸ் விளிக்கலாம். அவங்க ஃபயர் ஆள்களக் கொண்டு வருவாங்க." பலகைத் தடுப்பு அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தினார். "பக்ஷே, உள்ள இருக்கிறதெல்லாம் அவங்க காணும் கேட்டோ. பின்னே பிரச்சனையாகும்."

கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமா என்று நினைத்தேன். அவளே திறந்துவிடலாம். அக்காவையும் சேர்த்துத் தெருவில் நிறுத்த நான் யார்? இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது விசில் நின்றுவிட்டது. அடுத்த விசிலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கதவிடுக்கில் தீய்ந்த வாடை வந்தது.

"கூப்பிடுங்க அண்ணா," என்றேன். "இப்பவே கூப்பிடுங்க."

தீயணைப்புச் சீருடையில் மூன்று பேர் வந்தார்கள். அதுவரை கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். கத்தினால் பயந்துவிடுவாள் என்று மெதுவாக. நல்லவேளை, பூட்டை எடுக்க அவர்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஒருவர் புகைக்குள் ஓடி அடுப்பை அணைத்தார். நான் ஜன்னல் திரையை விலக்கினேன். அதன் பின்னால், இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபடி, கண் சிவந்து, உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்த பிறகே கையை எடுத்தாள். இருமினாள்.

"ஐ வின், அம்மா! நான் பேசவே இல்ல!"

அவளைத் தூக்கிக்கொண்டேன்.

வந்தவர்களில் மூத்தவர் பூட்டியிருந்த பலகை அறையைக் காட்டி, இது யாருடையது என்று இந்தியில் கேட்டார். சாமான் அறை என்று சொல்ல வேண்டும். நானும் கணவரும் எப்போதோ பேசிவைத்த பதில் அது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாட்ச்மேன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு குடும்பம் இருக்கிறது," என்றேன்.

அவர் திட்டவில்லை. "தீப்பிடித்திருந்தால், பூட்டிய பலகைக்குப் பின்னால் ஆள் இருப்பது எங்களுக்கு எப்படித் தெரியும்? இருக்கிறவர்கள் பெயரையெல்லாம் பதிவு செய்யுங்கள்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் கணவர் அழைத்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். "ஸ்டோர் ரூம்னு சொல்லியிருக்கலாம்ல? ஏன்டி சொன்ன?" பிறகு, "பாப்பா சாப்பிட்டாளா?" என்றார்.

அக்காவிடம் சொல்லத்தான் அதிகம் பயந்தேன். மாலையில் வந்தவர் கைப்பையைக்கூட இறக்காமல் எல்லாவற்றையும் கேட்டார்.

"நீர் ஏன் அழுறீர்? நாங்கள் சின்னனில, சண்டை நேரம், பங்கருக்குள்ள வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனாங்கள். அது ஷெல்லடிக்குப் பயந்து. இந்தப் பிள்ளைக்கு ஏனப்பா அந்தப் பழக்கம்?" பிறகு கருகிய குக்கரைத் தூக்கிப் பார்த்தார். "இதைத்தான் இனிக் காப்பாத்தேலாது."

அழுகையோடு சிரிப்பும் வந்தது.

வாரக் கடைசியில் அக்கா, நான், கணவர் மூவரும் கட்டட மேனேஜரிடம் நாங்களாகவே போய் நின்றோம். எல்லோர் பெயரையும் சேர்த்துப் பதிய முடியுமா என்று கேட்டோம். பலகையை எடுக்க வேண்டியிருக்கும், ஓனரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். காலி செய்யுங்கள் என்றும் பதில் வரலாம். அக்கா ஷார்ஜாவில் வீடு பார்த்துவைத்திருக்கிறார், இரண்டு குடும்பத்துக்குமாக. நான் செய்தது சரிதானா என்று இன்னும் மாற்றி மாற்றி யோசிக்கிறேன்.

பதில் இன்னும் வரவில்லை. மணி ஒலித்தால் இன்னும் பயம்தான். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறக்கிறேன்.