ஆடியில் புறப்படவிருந்த கப்பல்

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் மருமகள் நேற்று ஒரு செருப்புப் பெட்டியோடு வந்தாள். அவள் புருஷன் வேலை பார்க்கும் கம்பெனியில் இத்தாலிக்காகத் தைத்த ஜோடியாம். தையல் ஒரு ஓரத்தில் கோணிக்கொண்டதால் கப்பல் ஏறாமல் வீட்டுக்கு வந்துவிட்டது. "வாசன பாருங்க ஆயா" என்று மூக்கருகே நீட்டினாள். வாசனையை எங்கே பார்த்தேன்? பெட்டி மூடியில் ஒரு படம் இருந்தது. வரிசையாக வீடுகள், வாசற்படி வரைக்கும் தண்ணீர், நடுவே ஒரு படகு. பெட்டியை அவள் பக்கமே தள்ளிவிட்டேன். தோல் வாசனை பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பாள், பாவம். அது பழைய பயம். அந்த ஊருக்கு நான் போவதாக இருந்தது.

சிரிக்காதீர்கள். அந்தச் சமயம் எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தேனிலவு என்ற சொல்லெல்லாம் அப்போது எங்களை வந்தடையவில்லை. கோயிலில் மோதிரம் மாற்றியதும் சித்தி வீடு, பெரியம்மா வீடு என்று விருந்துக்குப் போய் வயிற்றைக் கெடுத்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஒரு தோல் மண்டியில் இருந்தார். பதனிட்ட ஆட்டுத்தோலைத் தடவிப் பார்த்து ரகம் பிரிக்கிற வேலை. காவேரிப்பாக்கத்திலிருந்து வந்த எனக்கு அந்த ஊர் நாற்றம் பழக ஒரு மாதம் ஆயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்பேன். அவருக்கோ நாற்றம் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இத்தாலியில் தோல் வாங்குகிறவன், மாதிரிக்கும் வந்த சரக்குக்கும் பொருந்தவில்லை என்று சண்டை பிடித்தானாம். ஆளை நேரில் அனுப்பி ரகம் காட்டிவிடுவது என்று முதலாளி பாய் முடிவு செய்தார். இவரைக் கூப்பிட்டு, "பொண்டாட்டியயும் இட்டுனு போப்பா. புதுசா கட்டினவன் தனியா போனா பேஜாரு. டிக்கெட்டு என் கல்யாணப் பரிசு" என்று சொல்லிவிட்டார். பம்பாயில் கப்பல் ஏற வேண்டும். நேப்பிள்ஸில் இறங்கி, ரோம், பிளாரன்ஸ், கடைசியில் வெனிஸ். வேலை இரண்டு நாள், மீதியெல்லாம் ஊர் சுற்றல்.

வேலூரில் எங்கள் மாதா கோயில் சாமியார் இத்தாலிக்காரர். அவரிடம் வழி கேட்கப் போனோம். ஊர்ப்பெயரைச் சொன்னதும் மனுஷர் குழந்தையாகிவிட்டார். நேப்பிள்ஸ் பக்கத்தில் நெருப்பு மலை ஒன்று, அதன் சாம்பலில் ஒரு ஊரே புதைந்ததாம், ஜனங்கள் படுத்தபடியே, ஓடியபடியே கிடந்தார்களாம். "அத மொதல்ல பாத்துடலாம்" என்றார் இவர். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். ரோமில் பூமிக்கடியில் சுரங்கம் சுரங்கமாகக் கல்லறைகள். சரி, வேதசாட்சிகள் ஆயிற்றே என்று சிலுவை போட்டுக்கொண்டேன். அப்புறம் சுவரில் தொங்கிய காலண்டர் படத்தைக் காட்டி வெனிஸைச் சொன்னார். தெருவே தண்ணீர்தானாம்.

"கரைய யார் சாமி காவல் காக்கறாங்க?" என்று கேட்டேன்.

எங்கள் ஊர் ஏரியைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். ஐப்பசி மழையில் ஏரி தளும்பினால் அப்பாவும் ஊர் ஆண்களும் மண்வெட்டியோடு கரைமேலேயே கிடப்பார்கள். அம்மா அரிசியை மூட்டை கட்டிக் கதவோரம் வைத்துவிட்டுச் செபமாலையை எடுப்பாள். வாசற்படியில் தண்ணீர் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான், கரை போய்விட்டது.

சாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். "கரையே இல்லம்மா. அது கடலு."

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். போதாக்குறைக்கு அந்தக் காலண்டரையே இவரிடம் கொடுத்தனுப்பினார். இவர் அதை எங்கள் படுக்கைக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். கண்ணை மூடினால் தலைமாட்டில் கடல்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். இரண்டு மாதப் புருஷனிடம் எப்படிச் சொல்வது? அவர் ஊர் ஊராகப் பெயர் சொல்லிக்கொண்டு திரிகிறார். போனால் நான் செத்துப்போவேன். மாட்டேன் என்றால் அவர் தனியாகப் போய்ச் செத்துப்போவார். உலை கொதிக்கும்போதும் வீடு பெருக்கும்போதும் இதே நினைப்பு. பயத்தை மறைக்க அந்த ஊர்களைப் பற்றியே ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே சோறு கிடைக்குமா, படகு கவிழுமா, மலை மறுபடி நெருப்புக் கக்குமா? அவரும் சளைக்காமல் சாமியாரிடம் கேட்டுவந்து சொல்வார். அந்த நாட்களில் பாய் அவரை ஒருமுறை திட்டியும்விட்டார். "இன்னாப்பா, நல்ல தோல்மேல எல்லாம் கை ஈரம்? கறை புடிக்குது பாரு!" சந்தோஷத்தில் வேலை ஓடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஆனி முடியும் சமயத்தில் என் அம்மா பழத்தட்டோடு வந்து நின்றாள். என்னை ஆடிக்கு அழைத்துப்போக! கப்பல் கிளம்புவது ஆடியில் என்பதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. பாய்க்கு அந்தக் கணக்கு கிடையாது, சாமியாருக்குப் பிடிக்காது, இவர் வீட்டில் எடுத்துச்சொல்லப் பெரியவர்கள் இல்லை.

"வேதக்காரங்களுக்கு ஆடி இன்னாத்துக்குன்னு சாமியார் கேப்பாரே" என்று நான் ஒப்புக்கு இழுத்தேன்.

"அவரா புள்ள பெத்தாரு? ஆடில ஒண்ணா இருந்தா சித்திரை வெயில்ல பொறக்கும். அந்த வேக்காட்ட நான் பாத்தவ" என்றாள் அம்மா.

எனக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது. ஆனால் இவர் என்ன சொல்வாரோ? எதற்கெடுத்தாலும் வாதாடுகிற மனுஷர். கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க சொல்றதும் சரிதான் அத்தை" என்றார்.

அவ்வளவுதான். எட்டிப் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையையும் வேட்டியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தக் கை ஈரம் எனக்கு விளங்கியது.

ஆம்பூர் ஸ்டேஷனில் அம்மா ஏறி இடம் பிடித்ததும் மெதுவாகக் கேட்டேன். "உங்களுக்கும் பயமா?"

இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "எனக்குப் பாலாத்துல முழங்கா தண்ணின்னாலே பயம்."

"அப்பறம் ஏன் போறேன்னீங்க?"

"நீதான் தெனம் ஆசையா கேட்டுக்கினு இருந்தியே."

வண்டி நகர்ந்துவிட்டது. காட்பாடி வரும்வரை சிரித்தேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

புதுசா கட்டினவனைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் பாய் தன் மச்சானை இத்தாலிக்கு அனுப்பிவைத்தார். அப்புறம் யுத்தம் வந்து கப்பல் நின்றது. எதிரி நாட்டுக்காரர் என்று எங்கள் சாமியாரைச் சர்க்கார் பிடித்துக்கொண்டு போனது. அந்தக் காலண்டர் மட்டும் சுவரில் இருந்து இருந்து வெளுத்தது. "இந்த ஆடிக்காவது போலாமா?" என்று வருஷம் தவறாமல் கேட்பார். "கரைக்குக் காவல் போட்டுட்டாங்களா?" என்பேன் நான். அவர் காலமாகிப் பதினாலு வருஷமாகிறது.

பெட்டியை மூடிக்கொண்டே அந்தப் பெண், "நீங்க எங்கனா வெளியூரு போயிருக்கீங்களா ஆயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சாயங்காலம் பாலாற்றுப் பக்கம் போனேன். கண்ணுக்கு எட்டியவரை மணல். மணல் லாரிகள் போன தடம். அக்கரை வரைக்கும் அவர் கால் நனையாமல் நடந்துவிடலாம்.