வேப்பமரத்தடியில் நின்ற சாமி

திருச்சுழி போகிற ரோட்டில் எனக்கு ஒரு சைக்கிள் கடை இருந்தது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. நாலு பேருக்கு முன்னால் வாய் வராது. பஞ்சர் ஒட்டக் கொடுத்தவருக்குக்கூட சக்கரத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். பேசாதவனுக்குக் கேட்கிற வேலை. பக்கத்து டீக்கடையில் தினமும் பேப்பர் படித்த வக்கீல் குமாஸ்தா அண்ணாச்சியின் பேச்சு அத்தனையும் என் காதில் விழுந்தது.

அவர் அமெரிக்காவைத்தான் கிண்டல் செய்வார். உள்ளூர் ஆட்களைப் பேசினால் சாயங்காலமே வீட்டு வாசலுக்கு ஆள் வந்துவிடும், அமெரிக்காக்காரன் வந்து சேர நாளாகும் என்பார். எண்பதுகளில் அங்கே ஜனாதிபதியாக இருந்தவர் பழைய சினிமா நடிகர். "நம்மளப் பாத்துப் படிச்சுக்கிட்டான்" என்று அண்ணாச்சி சொன்னபோது கடையே சிரித்தது. அங்கே ஒரு கட்சிக்கு யானை, இன்னொன்றுக்குக் கழுதை என்றதை டீ மாஸ்டர் நம்பவில்லை. கழுதை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு ஓட்டுக் கேட்கிறவன் யோக்கியன்தானே என்று கேட்டார் அண்ணாச்சி.

சட்டத்தில் மட்டும் அவருக்கு அவர்கள்மேல் பொறாமை. வாய்தா எழுதியே விரல் காய்த்துப்போன மனிதர். அங்கே சாதாரண ஆட்கள் பன்னிரண்டு பேரைப் பிடித்து வந்து ஓர் அறையில் அடைத்து, எல்லாரும் ஒரே முடிவாகச் சொன்ன பிறகுதான் வெளியே விடுவார்களாம். இங்கே வழக்குப் போட்டவன் செத்து, அவன் பேரன் வந்து தீர்ப்பு வாங்குகிறான் என்று அலுத்துக்கொள்வார்.

யாருக்கும் தெரியாமல் என்னிடமும் கொஞ்சம் அமெரிக்கா இருந்தது. சவூதியிலிருந்து வந்த மச்சான் கொடுத்த ரேடியோ. கடை சாத்துகிற நேரத்தில் திருகினால், இரைச்சலுக்கு நடுவே அவர்கள் ஜாஸ் என்கிற வாசிப்பு வரும். முதலில் வாத்தியக்காரர்களுக்குள் ஏதோ தகராறு என்று நினைத்தேன். கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. ஊதுகிறவன் பாட்டோடு ஒழுங்காக வந்துகொண்டிருப்பான். திடீரென்று வேலி தாண்டிய ஆடு மாதிரி வேறு காட்டில் மேய்வான். மற்றவர்கள் அவனைக் கூப்பிடுவதில்லை. தங்கள் பாட்டுக்கு நடந்துகொண்டே இருப்பார்கள். வயிறு நிறைந்ததும் அவனே வந்து சேர்ந்துகொள்வான்.

எங்கள் ஊர் பங்குனிப் பொங்கலில் அதுவே நடந்தது. நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு நாயனக்காரர் வருடாவருடம் மேளத்தோடு வருவார். சாமியாடிமேல் ஆத்தா இறங்கி, ஊருணியிலிருந்து கோயில்வரை ஆடி வரும்போது ஊத ஒரே ஒரு மெட்டுதான். அதை மாற்றும் வழக்கம் இல்லை. அந்த வருடம் வேப்பமரத்தடி வந்தபோது நாயனக்காரர் வேலி தாண்டிவிட்டார். மெட்டு எங்கெங்கோ போனது. ஆடிக்கொண்டிருந்த சாமியாடி கையில் அரிவாளோடு அப்படியே நின்றுவிட்டார். கூட்டம் பயந்துபோனது. நாயனக்காரரும் பயந்து பழைய மெட்டுக்குத் திரும்பினார். சாமியாடி மறுபடி ஆடினார். ஆனாலும் பேச்சு கிளம்பிவிட்டது. நாயனக்காரன் ஆத்தாவை நடுவழியில் இறக்கிவிட்டானாம்.

எங்கள் ஊர் அவரை விலக்கினால் வட்டாரத்தில் வேறெந்த ஊரும் கூப்பிடாது. அவருக்கு வேறு தொழிலும் தெரியாது. ஊரில் பெரிய வீடுகள் இரண்டு. ஒரு வீடு விலக்கு என்றது, மறுவீடு கூடாது என்றது. ஒருவர் கூட்டிய பஞ்சாயத்துக்கு மற்றவர் வரமாட்டார். அப்போதுதான் குமாஸ்தா அண்ணாச்சி, விளையாட்டாக, அமெரிக்கா மாதிரி பன்னிரண்டு பேரை உட்காரவைத்தால் என்ன என்றார். இரண்டு வீட்டுக்கும் அது வசதியாகப் போயிற்று.

தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு ஒரு பெயர் எழுதி, கோயிலில் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பூசாரி எடுத்தார். என் பெயர் வந்தது. பன்னிரண்டாவது சீட்டில் சாமியாடியின் பெயரே வந்தது. சம்பந்தப்பட்ட ஆளே தீர்ப்புச் சொல்வது எந்த நாட்டுச் சட்டத்திலும் கிடையாது என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆத்தா எடுத்துக் குடுத்த சீட்டு. மாத்தணும்னா நீங்களே அவகிட்டச் சொல்லுங்க" என்றார் பூசாரி.

அண்ணாச்சி சாமியாடியின் பெயரையும் பட்டியலில் எழுதிக்கொண்டார்.

ஒரு பருத்திக் கிட்டங்கியில் எங்களை விட்டு வெளியே பூட்டினார்கள். பஞ்சுப் பொதிகள்மேல் உட்கார்ந்தோம். வாசலில் நாயனக்காரர் உறையில் போட்ட நாயனத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கதவு இடுக்கில் தெரிந்தது. உள்ளே சாமியாடியும் எங்களோடு உட்கார்ந்திருந்தார். சாமியாடியை வைத்துக்கொண்டு அவர் ஆட்டம் நின்றதை எப்படிப் பேசுவது? எனக்கு அவர் மாமா முறை. மற்ற நாளில் கடலைக்காட்டில் களை வெட்டுகிற சம்சாரி. அவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் மழையைப் பற்றிப் பேசினார். இன்னொருவர், விலக்கிவிடுவதுதான் சுலபம், வீட்டுக்குப் போகலாம் என்றார். தலைகள் ஆடத் தொடங்கின.

ரேடியோவில் கேட்டதை எடுத்துச் சொல்ல எனக்கு வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது, அதுவும் பொதியைப் பார்த்து.

"மாமா, நீங்க ஏன் நின்னீக?"

அவர் பொதியிலிருந்து கொஞ்சம் பஞ்சைப் பிடுங்கி விரலில் உருட்டினார்.

"கேக்க நல்லா இருந்துச்சு மாப்ளே" என்றார். "அதான் நின்னுட்டேன்."

இதை வெளியே சொன்னால் நாயனக்காரர் பிழைப்பார், மாமாவின் மானம் போய்விடும். ஆத்தா இறங்கிய உடம்பு பாட்டுக் கேட்டதா என்று ஊர் சிரிக்கும். மாமா போய்ச் சேர்ந்துவிட்டதால்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் பன்னிரண்டு பேரில், மல்லாங்கிணற்றில் மளிகைக்கடை வைத்திருந்த பெரியவர் தொண்டையைச் செருமினார். "இவுக எங்க நின்னாக? இவுக மேல இருந்தவதான நின்னா. ஆத்தா நின்னு கேட்டா. அம்புட்டுத்தான்."

பதினோரு பேர் சரி என்றோம். மாமா கடைசியாகத் தலையாட்டினார்.

வெளியே வந்து, ஆத்தா நின்று கேட்டாள் என்று சொன்னதும் ஊர் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அமெரிக்கக் கோர்ட்டில் சாமியைச் சாட்சிக்குக் கூப்பிட வழியில்லை, பாவம் என்றார் அண்ணாச்சி. நாயனக்காரர் எங்களைக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார்.

மறுவருடம் அது சம்பிரதாயமாகிவிட்டது. வேப்பமரத்தடியில் ஊர்வலத்தை நிறுத்தி, இஷ்டப்படி ஊதச் சொன்னார்கள். எல்லாரும் கைகூப்பி நின்றார்கள். நாயனக்காரருக்கு வியர்த்து ஊற்றியது. தன்னை மறந்து போன இடத்துக்கு உத்தரவின்பேரில் எப்படிப் போவார்? பழைய மெட்டையே பிசகாமல் ஊதினார். மறுபடி சொன்னார்கள், மறுபடியும் அதையே ஊதினார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

கண்மூடி ஆடிக்கொண்டிருந்த சாமியாடி நாயனக்காரர் பக்கத்தில் வந்து அவர் நெற்றியில் திருநீற்றைப் பூசினார்.

"போடா. போன வருசம் போன வழியிலயே போ. நான் இங்கனதான் நிக்கேன்."

நாயனக்காரர் போனார். தவில்காரர் விடாமல் அடித்துக்கொண்டிருக்க, நாயனம் ஊருணியைத் தாண்டி, கடலைக்காட்டைத் தாண்டி எங்கோ போய் மேய்ந்துவிட்டு நிதானமாகத் திரும்பி வந்தது.

சொன்னது ஆத்தாவா, மாமாவா என்று பன்னிரண்டு பேரில் ஒருவரும் மற்றவரைக் கேட்டதில்லை.